புளூபெர்ரிக்குக் கொண்டுபோன தண்ணீர்

சனிக்கிழமை மத்தியானம் திருப்பதியிலிருந்து சித்தூர் போகிற பஸ்ஸில் ஜெர்ரியைப் பார்க்கலாம். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டு. கால்களுக்கு நடுவே பத்து லிட்டர் கேன் ஒன்று, மடியில் இன்னொன்று. இரண்டிலும் தெளிந்த தண்ணீர்.

திருப்பதியிலிருந்து வருகிறவன் இப்படித் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு வந்தால் பக்கத்து சீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு தடவை ஒரு பெரியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பயபக்தியோடு வலது கையைக் குழித்து நீட்டிவிட்டாள்.

"தீர்த்தம் ஒரு சொட்டு குடு நைனா."

"தீர்த்தம் இல்ல பெரியம்மா. ஏசி தண்ணி."

"அப்பிடின்னா?"

"லாட்ஜுல ரூமுக்கு வெளிய பைப்புல சொட்டிக்கினு இருக்குமே, அது."

பெரியம்மா கையை மடக்கிக்கொண்டாள். அந்தக் கண்றாவியை எதற்காக இவன் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போகிறான் என்று மேலும் கீழும் பார்த்தாள். காணிப்பாக்கம் திருப்பம் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பெரியம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. நாற்பத்தாறு வயசு ஆள், ஏசி மெக்கானிக், அலிபிரி பக்கத்து லாட்ஜுகளில் பாதி இவன் கைபட்டுத்தான் குளிர்கின்றன. மனைவி இறந்து எட்டு வருஷம். ஒரே மகள் ஸ்வீட்டி பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். அப்படிப்பட்டவன் வாரம் முழுக்க லாட்ஜ் மாடிகளில் பக்கெட் வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடித்த தண்ணீரை, பஸ் ஏற்றிச் சித்தூருக்குக் கொண்டுபோனான். புளூபெர்ரிச் செடிக்கு ஊற்ற. சிரிக்காமல் கேட்க வேண்டும், ஏனென்றால் அவன் அதைச் சிரிக்காமல்தான் செய்தான்.

செடிகள் பிளெஸ்ஸி டீச்சருடையவை.

பிளெஸ்ஸிக்கு நாற்பத்து மூன்று வயசு. கல்யாணமாகவில்லை. சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். அவளுடைய அப்பா, அவள் பேச்சில் நைனா, பக்கவாதம் வந்து பல வருஷம் படுக்கையில் கிடந்தார். அண்ணன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில் இருந்து போனில் அழுதார்கள். தூக்கி உட்காரவைத்துச் சோறு ஊட்டியது இவள். அவர் போன பிறகு சர்ச் சபையில் ஆளாளுக்கு அவளிடம், இனிமேல் என்னம்மா பண்ணப் போகிறாய் என்று கேட்டார்கள். யாருக்கும் பதில் சொல்லாமல் அவள் ஆன்லைனில் மூன்று புளூபெர்ரிச் செடி வாங்கினாள். தனக்கென்று அவள் ஆசைப்பட்டு வாங்கிய முதல் சாமான் அதுதான் என்று பின்னால் ஒருநாள் ஜெர்ரியிடம் சொன்னாள்.

முதலில் அவளை அவன் பார்த்தது பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் ரூமுக்குப் பின்னால். ஏசி சர்வீஸுக்கு வந்திருந்தான். வெளியே பைப் முனையில் ஒரு டீச்சரம்மா பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். அக்கா வீட்டுக்கு வரும் ஞாயிறுகளில் அவன் போவதும் அவளுடைய சபைதான் என்பதால் முகம் தெரியும், பேச்சு கிடையாது.

"இன்னாத்துக்கு டீச்சர், பேட்டரிக்கா?"

"செடிக்கு பிரதர்."

"செடிக்கு போர் தண்ணி ஊத்தலாமே?"

"போர் தண்ணி ஊத்திதான் ஒண்ணு செத்துப் போச்சி. இன்னும் ரெண்டு இருக்குது."

பிறகு அவள் பாடம் நடத்தினாள். சித்தூர் போர் தண்ணீரில் சுண்ணாம்பு ஏராளம், டீ போடுகிற பாத்திரத்தைப் பார்த்தாலே தெரியும். புளூபெர்ரிக்கு மண் புளிப்பாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு ஏறினால் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மிச்சமெல்லாம் மஞ்சளாகிவிடும், அப்புறம் போய்ச் சேர வேண்டியதுதான். மழைத் தண்ணீர்தான் அதற்கு உயர்ந்தது. மழை இல்லாத ஊரில் அடுத்தது ஏசித் தண்ணீர், அதில் உப்பும் இல்லை சுண்ணாம்பும் இல்லை. பள்ளிக்கூடத்து ஏசி ஓடுவதோ வாரத்தில் நாலு பீரியட். ஒரு பக்கெட்டுகூடத் தேறாது.

இருபது வருஷமாக ஏசித் தண்ணீர் ஒழுகுகிறது என்று திட்டு வாங்கியே பிழைத்தவன் ஜெர்ரி. அந்தத் தண்ணீரை ஒருத்தர் கை நீட்டிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சனிக்கிழம சனிக்கிழம நான் அக்கா வூட்டுக்கு வருவேன் டீச்சர். எத்துக்கினு வரேன்," என்றான்.

இப்படித்தான் ஆரம்பித்தது.

பிளெஸ்ஸி இருந்தது மாடி வீடு. கீழே அம்சவேணி குடியிருந்தாள். நகரி பக்கத்து விவசாயக் குடும்பம், புருஷன் நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. கொடி வகைக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. விதை அவளுடையது, மாடி டீச்சருடையது, காய் இரண்டு பேருக்கும். கோவை, பீர்க்கு, அவரை, கைப்பிடிச் சுவரோரம் பசலை. மேற்கு வெயில் அடிக்கிற பக்கமாகக் கயிறு கட்டி ஏற்றியிருந்தார்கள். கொடிகள் வஞ்சனையில்லாத ஜாதி. போர் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், எது ஊற்றினாலும் குடித்துவிட்டு ஏறும். அந்த நிழலில் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் இந்த இரண்டு புளூபெர்ரிகளும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வேருக்கு மூடாக்குப் போடச் சவுக்குச் சருகு வேண்டும் என்று டீச்சர் சொன்னதும், அம்சவேணியின் புருஷன் ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டான்.

"துன்றதுக்கு கோவைக்காவும் பீர்க்கங்காவும் நாங்க குடுக்கறோம். சம்ரட்சணை எல்லாம் அந்த ரெண்டுக்கு!" என்பாள் அம்சவேணி. பேச்சுதான் அப்படி. டீச்சர் பரீட்சை டியூட்டிக்குப் போகும் நாட்களில் கேன் தண்ணீரை டம்ளரில் அளந்து ஊற்றியது அவள்தான்.

ஜெர்ரி வருவான், இரண்டு கேனையும் மாடி ஏற்றுவான், காலி கேன்களை எடுத்துக்கொள்வான். முதலில் வாசலிலேயே தண்ணீர் டம்ளரோடு உபசாரம் முடிந்துவிடும். பிறகு காபி வந்தது. பிறகு காபிக்கு உட்கார ஒரு ஸ்டூல் வந்தது. புளூபெர்ரி பூக்கும்போது பூ தலைகீழாகக் குட்டி மணி மாதிரி தொங்கும் என்று காட்டினாள். கோவைப் பூவுக்கு வருகிற தேனீதான் இதற்கும் வர வேண்டும், அதனால் கொடி இல்லாமல் இந்தச் செடி இல்லை என்றாள். எந்த வாரம் என்று தெரியாது, "பிரதர்" என்ற சொல் அவள் பேச்சிலிருந்து நழுவிப்போயிருந்தது. சபையில் ஆண் என்றால் எல்லாரும் பிரதர்தான். ஜெர்ரிக்கு மட்டும் அவள் வாயில் பேரே இல்லாமல் போனது. பஸ்ஸில் திரும்பும்போது அவன் அதை நினைத்து நினைத்துப் பார்ப்பான்.

அவளைக் கல்யாணம் செய்துகொள்ள அவனுக்கு ஆசை. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தண்ணீரோடு அந்தக் கேள்வியையும் திருப்பதியிலிருந்து தூக்கிக்கொண்டு வருவான். தண்ணீரை இறக்கிவிட்டுக் கேள்வியை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போவான்.

அவனுக்குள் ஒரு கணக்கு இருந்தது. கையில் கேன் இருந்தால் அவன் மெக்கானிக். யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், தண்ணீர் கொடுக்க வந்தவன். கேன் இல்லாமல் அதே படியில் ஏறினால் அவன் பெண்டாட்டி இல்லாத ஆம்பிளை, அவள் தனியாக இருக்கிற பெண். சித்தூர் அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

இந்தக் கணக்குதான் அவனை ஏலத்தில் கவிழ்த்தது.

அவர்கள் சபையில் அறுப்புப் பண்டிகை ஈஸ்டர் கழிந்து வரும். வீட்டில் முதலில் பழுத்ததை வாயில் வைக்க மாட்டார்கள், முதற்பலன் கோயிலுக்கு. ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். பூசணிக்காய், சேவல், வீட்டில் சுட்ட கேக், கீரைக்கட்டு எல்லாம் மேஜைக்கு வரும். பொருளில் என்ன இருக்கிறது? யார் வீட்டுப் பொருளை யார் கேட்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. கல்யாணமாகாத பெண் கொண்டுவந்ததை ஒரு ஆண் கேட்டுவிட்டால் மொத்தச் சபையும் எதிர்த்துக் கேட்டு அவனை வம்புக்கு இழுக்கும். சாயங்காலத்துக்குள் ஐயர், அதாவது சபைப் போதகர், காதுக்குப் போய்விடும்.

அந்த வருஷம் பிளெஸ்ஸியின் செடிகள் முதல் தடவையாகப் பழுத்தன. ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டால் அடிகூட மறையவில்லை. அதைத் துணி போட்டு மூடிக் கொண்டுவந்தாள். ஏலம் விட்ட உபதேசியார், போதகரின் உதவியாளர், கிண்ணத்தை உயர்த்திக் காட்டினார்.

"டீச்சரம்மா வூட்டு மொதற்பலன். இன்னா பழம்மா இது?"

"புளூபெர்ரி ஐயா."

"நாவப்பழம் குட்டி போட்ட மாதிரி இருக்குது!"

எல்லாரும் சிரித்தார்கள். யாரும் கேட்கவில்லை. உபதேசியார் மறுபடி கூவினார். நாலைந்து தலைகள் ஜெர்ரி பக்கம் திரும்பின, ஏனென்றால் கேன் தூக்குகிற கதை ஊருக்கே தெரியும். ஜெர்ரி இரண்டு கையையும் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தான். கையைத் தூக்கினால் அவள் பேர் ஊர் வாயில் விழும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொஞ்சம் நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாவம் என்று உபதேசியார் மனைவியே தன் பையனுக்காக எடுத்துக்கொண்டாள். பையன் ஒன்றைக் கடித்து, புளிப்பில் கண்ணை மூடி உடம்பைச் சிலிர்த்தான். மறுபடி சிரிப்பு. பெண்கள் பக்கத்தில் பிளெஸ்ஸி கிண்ணம் மூடிய துணியை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், ஜெர்ரியை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவன் படியேறும்போது மேலிருந்து குரல் வந்தது.

"கேன அங்கயே வெச்சிட்டு போங்க பிரதர்."

அந்த ஒரு சொல்லை வைத்து ஒருவனை இப்படி அடிக்க முடியும் என்று ஜெர்ரிக்கு அன்றுதான் தெரிந்தது. கேன்களைப் படியில் வைத்துவிட்டு இறங்கினான். கீழே அம்சவேணி முறத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்பா, ஒரு கை தூக்க இன்னா கேடு? சுளுக்கா?"

"டீச்சர் பேரு கெட்டுப் போவும்னுதான்க்கா..."

"டீச்சர் பேருக்கு ஒன்ன காவல் வெச்சாங்களா? ஒனுக்கு நாலு பேரு சிரிப்பாங்கன்னு பயம். அத சொல்லு." முறத்தைத் தட்டினாள். "அவங்க வந்து அழுவல. அழுதிருந்தா நான் இவ்ளோ பேச மாட்டேன்."

அவள் சொன்னது முழுக்க உண்மை. அதனால்தான் அவனுக்கு அவ்வளவு வலித்தது. மிச்சமிருந்த பழங்களைக் கொண்டைக்குருவிகள் தின்று தீர்த்தன. ஜெர்ரிக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, கேட்கிற யோக்கியதையும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை தவறவில்லை. படியில் வைப்பான், காலி கேனை எடுத்துக்கொண்டு போவான்.

மே மாசம் வந்தது. சித்தூரில் மே மாசம் என்றால் காக்கையும் நிழல் தேடி நடக்கும். ஒரு சனிக்கிழமை அவன் கேனை வைக்கும்போது மாடியிலிருந்து காய்ந்த கோவை இலைகள் உதிர்ந்து பறந்து வந்தன. நாலு படி ஏறி எட்டிப் பார்த்தான். கயிறு வெயிலில் இற்று அறுந்து, கொடி மொத்தமாகத் தரையில் கிடந்தது. நிழல் போனதால் புளூபெர்ரி இலைகளின் ஓரம் கருகியிருந்தது. பிளெஸ்ஸி ஒரு பழைய புடவையைச் செடிக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை.

அவன் காலி கேன்களை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். செவ்வாய்க்கிழமை காலையில், பள்ளிக்கூட விடுமுறையில் இருந்தவள் கதவைத் திறந்தபோது, ஒரு ஆட்டோ நிறையச் சாமானோடு நின்றான். பழைய ஏசிகளில் கழற்றிய இரும்பு ஸ்டாண்டுகள், அலுமினியக் குழாய்கள், கட்டுக்கம்பி, டிரில் மெஷின்.

மே மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏசி மெக்கானிக் வேலைக்குப் போகாமல் இருப்பது என்றால் சாதாரணமா? திருப்பதியில் அத்தனை லாட்ஜும் கொதித்துக்கொண்டிருக்கும். அவன் போன் பைக்குள் அலறியது, நின்றது, மறுபடி அலறியது. அவன் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டே இருந்தான்.

"போன் அடிச்சிக்கினே இருக்குது," என்றாள் பிளெஸ்ஸி கடைசியில்.

"அடிக்கட்டும்."

"அவசரமா இருக்கப் போவுது."

"இதவிட இல்ல."

அவள் உள்ளே போய்விட்டாள். மத்தியானத்துக்குள் மேற்குச் சுவர் முழுக்க இரும்புப் பந்தல் எழுந்துவிட்டது. புயலடித்தாலும் அசையாது. கீழே கிடந்த கோவைக்கொடியை அம்சவேணியும் அவனும் கணு கணுவாகத் தூக்கி, உடையாமல் கட்டினார்கள். ஒரு வயர் டேக் எடுத்து அவன் இறுக்கப் போக, அம்சவேணி கையைத் தட்டிவிட்டாள். வாழைநார் போட்டுத் தளர்வாகக் கட்டச் சொன்னாள், கொடி பருக்கும்போது கழுத்து நெரியும் என்றாள். கட்டி முடித்துக் கை கழுவும்போது பிளெஸ்ஸி ஒரு தட்டோடு வந்தாள். சோறு, ரசம், கோவைக்காய் வறுவல்.

"துன்னுட்டு போங்க."

பிரதர் இல்லை. ஜெர்ரி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். அன்றைக்கு ஏலத்தில் தான் கையைத் தூக்கியிருக்க வேண்டும் என்று தட்டைப் பார்த்துச் சொன்னான். "தெரியும்," என்றாள் அவள். இன்னும் கொஞ்சம் வறுவல் வைத்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் தளிர்த்தது. ஆடி முடிவதற்குள் கோவை பந்தலின் உச்சியைப் பிடித்துவிட்டது, பசலை கீழ்க்கம்பிகளில் சிவந்த தண்டோடு சுற்றிக்கொண்டது, அவரை பூவெடுத்தது. நிழலில் புளூபெர்ரி புதுக் கிளை விட்டது. ஜெர்ரியின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் வந்தது. பெங்களூரிலிருந்து ஸ்வீட்டி போன் செய்து, "நைனா, சனிக்கிழம மட்டும் ஏன் போன எடுக்க மாட்டற?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். எல்லாம் இருந்தது, கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. அதற்குள் ஒருநாள் பிளெஸ்ஸி பேச்சுவாக்கில் சொன்னாள்:

"ஐப்பசில மழ புடிச்சிக்கும். அப்பறம் ஒங்களுக்கு லீவுதான்."

அவன் சிரித்தான். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. மழை வந்தால் மாடியில் ஒரு டிரம் வைத்தால் போதும். ஏசித் தண்ணீரைவிட உயர்ந்த தண்ணீர் கூப்பிடாமலே வந்து விழும். அவன் எதற்கு?

ஊரெல்லாம் மழைக்கு ஏங்கிக்கொண்டிருக்க, ஒரு மனுஷன் மட்டும் மேகத்தைப் பார்த்துப் பயந்தான்.

நவம்பர் முதல் வாரம் வாயுகுண்டம், புயல் மழை வரும் என்று டீவியில் சொன்னார்கள். சொன்ன மாதிரியே கொட்டியது. அலிபிரியில் மலை மறைந்துபோனது. லாட்ஜ் மாடியில் ஜெர்ரி வரிசையாக வைத்திருந்த பக்கெட்டுகளை வெள்ளிக்கிழமை பார்த்தான், பைப் முனைகள் காய்ந்து கிடந்தன. வாட்ச்மேன் ரமணா குடையோடு வந்து சிரித்தான்.

"வர்ஷம்லோ ஏசி எவரு வேஸ்தாரு ஜெர்ரி?"

மழையில் ஏசி யார் போடுவார்கள்? சரியான கேள்விதான். மழைத் தண்ணீரையே பிடித்துக்கொண்டு போகலாம், ஆனால் அதே மழை சித்தூரிலும் பெய்கிறதே. சனிக்கிழமை காலையில் ஜெர்ரி ஒரு காரியம் செய்தான். லாட்ஜின் போர் குழாயைத் திறந்து ஒரு கேனை நிரப்பினான். பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தது. வெளி மழையில் கன்னாபின்னா என்று எது வேண்டுமானாலும் கலந்திருக்கும், ஏசித் தண்ணீர்தான் நம்பகம் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். மேலே போய் ஸ்டூலில் உட்கார அது போதும்.

பஸ் முழுக்க ஈர வாடை. கேன் மடியில் கனத்தது. பாகாலா தாண்டும்போது அவனுக்குச் செத்துப்போன மூன்றாவது செடி ஞாபகம் வந்தது. அவன் அதைப் பார்த்ததுகூட இல்லை. இலை எப்படி மஞ்சளானது என்று அவள் சொன்னபோது அவள் முகம் இருந்த இருப்பைத்தான் பார்த்திருந்தான். இந்தத் தண்ணீரை அவள் நம்பி ஊற்றுவாள். அவன் கொண்டுவந்தது என்பதாலேயே ஊற்றுவாள்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மூடியைத் திருகி, சாக்கடையோரமாகக் கேனைக் கவிழ்த்தான். கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு ஒருவன் தண்ணீரைக் கீழே ஊற்றுவதைப் பார்த்து டீக்கடையே சிரித்தது. இந்தத் தடவை அவனை அது ஒன்றும் செய்யவில்லை. அங்கிருந்து திரும்பி அக்கா வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் அந்தப் பக்கம் போகவில்லை.

கீழ் வீட்டுக் கூரையோரம் அம்சவேணி குண்டான், அன்னக்கூடை, பக்கெட் என்று வீட்டில் இருந்த பாத்திரத்தையெல்லாம் வரிசையாக வைத்து மழை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாப்பா, இந்த மழைல காலி கேன எத்துக்கினு எங்க?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மேல போ. நான் சொன்னா கேக்க மாட்டறாங்க. நீயே பாரு அந்தக் கூத்த."

மேலே போனான். மாடிப்படி முடிகிற இடத்தில் இருந்த சின்ன அறைக்குள், மழை படாத மூலையில், இரண்டு புளூபெர்ரித் தொட்டிகளும் இருந்தன. சவுக்குச் சருகு மொடமொடவென்று காய்ந்திருந்தது. பிளெஸ்ஸி பக்கத்தில் குந்தி, போன வாரத்துக் கேனின் அடியில் மிஞ்சியதை டம்ளரில் வடித்து வேரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளியே, பந்தலுக்கு அப்பால், வாயைத் தரையில் வைத்துக் கவிழ்த்துப்போட்ட நீல டிரம்மின் மேல் மழை தடதடவென்று அடித்தது.

ஜெர்ரிக்குத் தன் கவலை மறந்தேபோனது. மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா டீச்சர் இது! வானம் ஒடைஞ்சி ஊத்துது, நீங்க செடிய உள்ள வெச்சிக்கினு டம்ளர்ல அளந்துக்கினு இருக்கீங்க? மழ தண்ணிதான் இதுக்கு ஒசத்தின்னு யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

"டிரம்மு ஏன் கவுந்து கெடக்குது? காத்துல வுழுந்துச்சா?"

"நான்தான் கவுத்தேன்."

"ஏன்?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவன் கையைப் பார்த்தாள்.

"கேன் காலியா இருக்குது."

"ஏசி யாரும் போடல. போர் தண்ணி புடிச்சேன். பொய் சொல்லி ஊத்தலாம்னுதான் புடிச்சேன்." அவனுக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. "பஸ் ஸ்டாண்டுல கொட்டிட்டேன். செடிக்கு ஆவாது."

"அப்ப காலி கேன எத்துக்கினு எதுக்கு வந்தீங்க?"

"கேன் இல்லாம எப்பிடி வர்றது?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே தெரிந்தது. பிளெஸ்ஸி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது, அதை அவள் துடைக்கவும் இல்லை.

"டிரம்ம நேரா வெச்சா ஒரே ராத்திரில நெறஞ்சிடும்," என்றாள். "நெறஞ்சா மாசக்கணக்குல வேற தண்ணி வேணாம். நீங்க வர வேண்டிய வேலயே இல்ல. அதான் கவுத்துட்டேன்."

சயின்ஸ் டீச்சர். ஊருக்கெல்லாம் பாடம் சொல்பவள். நைனாவுக்குப் பிறகு ஆசைப்பட்டு வளர்த்த செடிகளை, அவன் வர வேண்டும் என்பதற்காக, பெய்கிற மழையில் காயப்போட்டு வைத்திருந்தாள். இத்தனை மாசமாக மேகத்துக்குப் பயந்தது தான் ஒருவன் மட்டும்தான் என்று நினைத்திருந்தானே!

கேனைக் கீழே வைத்தான். கை இரண்டும் காலியாக இருந்தது, அது அவனுக்கு என்னவோ போல இருந்தது.

"டீச்சர், இனிமே தண்ணி எத்துக்கினு வர மாட்டேன்," என்றான். "சும்மாதான் வருவேன். ஒங்களுக்காக வருவேன். வந்தா திரும்பிப் போறதா இல்ல. சரின்னு சொல்லுவீங்களா?"

பிளெஸ்ஸி வகுப்பில் பேசுகிற அதே நிதானத்தில் சொன்னாள்:

"நாளையோட சேத்து மூணு ஞாயிறுதான் இருக்குது."

"எதுக்கு?"

"ஓலை வாசிக்க. மூணு ஞாயிறு கோயில்ல ரெண்டு பேரு பேரையும் வாசிச்சாதான கல்யாணம்? அதுக்கப்பறம் அட்வென்ட் காலம் வந்துடும். கிறிஸ்மஸ் வரைக்கும் ஐயரு யாருக்கும் கல்யாணம் பண்ணி வெக்க மாட்டாரு. நாளைக்கி மொத ஓலை வாசிக்கணும்னா இன்னைக்கே போயி அவர பாக்கணும்."

ஜெர்ரி விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான்.

"இத எப்ப எண்ணுனீங்க?"

"டிரம்ம கவுத்த அன்னைக்கி," என்றாள் பிளெஸ்ஸி.

அவன் ஒரு தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினான். அவள் மற்றதைத் தூக்கினாள். இரண்டு பேரும் செடிகளோடு மழைக்குள் போனார்கள்.